டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அட்டை: பழைய கார் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெர்சிடிஸ் டபிள்யூ123, புக்கிட் பாத்தோக்

அப்பா ஓட்டிய கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1981 மாடல், கார்புரேட்டர் வைத்த 200. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்திருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்க முடியும். அதனால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். முன்னால் அம்மா, பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

ஈராண்டுக்கு முன்பு, பின் சீட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள். விசித்திரம் என்னவென்றால் ஊருக்குள் ஓட்டும்போது வாடையே வராது. ஜோகூரில் சின்னம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் வரும். கடற்பால நெரிசலில் ஊர்ந்து போவதால் சுற்றியிருக்கும் வண்டிகளின் புகை உள்ளே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். இன்று நினைத்தாலும் மனசு பதறுகிறது.

அந்தச் சமயத்தில்தான் டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு அட்டையைக் கவனித்தேன். இந்த வண்டியில் டிக்கியைத் திறந்தால் எதிரே ஓர் அட்டை நிற்கும். அதற்குப் பின்னால் பெட்ரோல் டேங்க், அதற்கு அந்தப் பக்கம் பின் சீட்டு. அட்டையின் அடிப்பகுதி நாலு விரல் உயரத்துக்கு ஊறி உப்பி, தொட்டால் தேநீரில் நனைத்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டி, ஓரமெல்லாம் மடித்துத் தைத்து, 180 வெள்ளிக்கு அழகாகச் செய்து கொடுத்தார்கள். பழைய அட்டை ஏன் அழுகியது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஜோகூர் பயணத்தில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டுவதற்குள் மகள் வாந்தி எடுத்துவிட்டாள்.

பிறகுதான் புரிந்தது. சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட வேண்டுமென்றால் டேங்க் குறைந்தது முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஊருக்குள் நான் எப்போதும் கால் டேங்க்கில்தான் ஓட்டுவேன். ஜோகூர் என்றால்தான் வழிய வழிய நிரப்புவேன். டேங்க்கின் தலைப்பகுதியில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை பொருத்தியிருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. நிறைந்த டேங்க்கில், பிரேக் போடும்போதெல்லாம் பெட்ரோல் அலை அந்த வாஷரில் போய் மோதும். புது அட்டையைக் கழற்றிவிட்டு விரல் வைத்துப் பார்த்தேன். வாஷர் காய்ந்த வடாம் மாதிரி உடைந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கறை. எத்தனை ஆண்டாகக் கசிந்ததோ!

அட்டையை அழுகவைத்தது வேறொன்று. காரை மாமா வீட்டு முற்றத்தில் நிறுத்தி, பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின் கண்ணாடிமேல் குழாயால் தண்ணீர் விட்டேன். அம்மா டார்ச்சோடு உள்ளே குனிந்து பார்த்தார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு, “இங்கடா, இடது மூலையில சொட்டுது” என்றார். கண்ணாடி ரப்பருக்கு அடியில் ஒரு நூல் அகலம் திறந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த வழியாக இறங்கிய நீரைத்தான் அட்டை குடித்திருக்கிறது.

அட்டைக்குப் பின்னால் 1967 வரிசைப் பத்துக் காசு ஒன்று கிடந்தது, கடற்குதிரை போட்டது. கூடவே, நகருக்குள் நுழைய அந்தக் காலத்தில் வாங்கி ஒட்டும் வட்டார அனுமதிச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் வரும்வரை அப்பா காலையில் அந்தச் சீட்டு வாங்க நிறுத்துவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டையும் அம்மா எடுத்துக்கொண்டார்.

உங்களில் யாராவது இந்த அட்டையை மாற்றியிருந்தால் என்ன பொருள் போட்டீர்கள், எப்படிப் பொருத்தினீர்கள் என்று எழுதுங்கள். பிளைவுட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், இன்னும் திரும்பப் போடவில்லை.

மினி 1974, பாசிர் ரிஸ்

அண்ணா, உங்கள் மகளைப் பற்றிப் படித்ததும் என் அப்பா நினைவுதான் வந்தது. எங்கள் மினியில் பின்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தலை பாரமாகிறது என்பார். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

மினியில் அட்டை கிடையாது. பின் சீட்டின் முதுகுப்பக்கம் இரும்புத் தகடேதான் தடுப்பு. ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஸ்பீக்கர் வைப்பதற்காகப் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டில் இரண்டு பெரிய வட்டம் வெட்டியிருந்தார். ஸ்பீக்கரைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள், துளைகளின்மேல் கம்பளத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இரவில், விளக்கு குறைவான கார் நிறுத்துமிடத்தில், டார்ச்சை எரியவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். பின் சீட்டை எடுத்துவிட்டுக் கம்பளத்தையும் விலக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். ஒரு நிமிடம் கண் பழகியதும் இரண்டு நிலா மாதிரி அந்த வட்டங்கள் தெரிந்தன. அவை போதாதென்று வயர் போகும் துளைகளில் ஊசி ஊசியாக இன்னும் ஏழு இடத்தில் வெளிச்சம். வெளிச்சம் வரும் இடத்தில் காற்றும் வரும்.

ஓடும் காரின் பின்புறத்தில் காற்று சுழன்று புகையைத் திரும்ப இழுக்கும். டிக்கி மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் புகை முதலில் டிக்கிக்குள் வரும். தடுப்பில் ஓட்டை இருந்தால் அங்கிருந்து பின் சீட்டுக்கு வந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மூடியின் ரப்பரைச் சோதிக்க ஒரு தாள் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமில்லாமல் சட்டென்று வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது.

வட்டங்களை அலுமினியத் தகடு வெட்டி, சீலன்ட் தடவி, ரிவெட் அடித்து மூடினேன். மினியில் டிக்கிக்குள்ளேயே இடப்பக்கம் பெட்ரோல் டேங்க், வலப்பக்கம் தரைக்கடியில் பேட்டரி. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் பேட்டரி முனைகளுக்கு ரப்பர் மூடி போடாமல் நான் இப்போது வண்டியை எடுப்பதில்லை. அப்பா சென்ற தீபாவளிக்குத் தேக்காவிலிருந்து வீடுவரை பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். தலைவலி இல்லை.

பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், தோ பாயோ

தம்பி, பிளைவுட்டைத் திரும்பப் போடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல பிளைவுட் தாங்கும். ஆனால் வண்டியோடு வந்தது அழுத்திய அட்டை. அதன் வளைவுக்கு ஹார்ட்போர்டுதான் சரியாக உட்காரும். நாற்பது வருஷத்தில் நான் செய்து போட்டதெல்லாம் அதில்தான்.

முதலில் ஒன்று. பழைய அட்டையை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டாதே. எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். ஊறிய அட்டை அடியில் உப்பி அகலமாகியிருக்கும், மேலே காய்ந்து சுருங்கியிருக்கும். அதன் அளவில் வெட்டினால் எந்த ஓரமும் பொருந்தாது. பார்சல் கட்டும் காகிதத்தை வண்டிக்குள்ளேயே ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி மடி. துளை இருக்கும் இடத்தில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய், வட்டம் தானாக விழும். அந்தக் காகிதத்தை வைத்து மளிகைக்கடை அட்டைப்பெட்டியில் ஒன்று வெட்டிப் பொருத்திப் பார். அது உட்கார்ந்த பிறகு ஹார்ட்போர்டில் கத்தியை வை.

சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடு. இறுக்கி வெட்டினால் ஓட்டும்போது கீச்கீச்சென்று உயிரை எடுக்கும். அந்த இடைவெளியில் கம்பளித் துணி நாடா ஒட்டு. ஸ்பஞ்ச் வைக்காதே, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றறை மூடிய ஃபோம் கிடைத்தால் அதை வை.

வளைக்க வேண்டிய இடத்தில், சொரசொரப்பான பக்கம் ஈரத்துணி போட்டு ஓர் இரவு விடு. காலையில் மெல்ல வளைத்து வண்டியிலேயே மாட்டிக் காயவிடு. அவசரப்பட்டால் முறியும்.

இந்த ஊர் ஈரத்தில் அட்டை சாவது ஓரத்திலிருந்துதான். அதனால் வார்னிஷை முதலில் வெட்டிய ஓரத்துக்கும் துளைகளின் உள்விளிம்புக்கும் கொடு. தின்னர் கலந்து நீர்க்கக் கொடுத்தால் உள்ளே இறங்கும். ஊறியதும் இன்னொரு தரம். முகத்துக்குக் கடைசியில் அடித்தால் போதும். சிலர் வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் தடவுவார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதே. அந்த எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடு. ஒரு பட்டறையில் நள்ளிரவில் அப்படிப் பற்றிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டேங்க் பக்கத்தில் கைவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், டிக்கித் தரையிலேயே தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கு.

கொரோலா, செங்காங்

நான் விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் அலுமினியப் பலகை போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது, தண்ணீரும் ஏறவில்லை. ஆனால் அதன் நடுவில் இருப்பது பிளாஸ்டிக் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாதாரண வகையில் அந்த பிளாஸ்டிக் நன்றாக எரியும். பெட்ரோல் டேங்க்குக்கு அருகில் வேண்டாமென்று எடுத்துவிட்டேன். அங்கிள் சொன்ன ஹார்ட்போர்டும் எரியும்தானே? தகடே போட்டுவிட்டால் என்ன?

பொறியாளர், கிளமெண்டி

கொரோலா தம்பியின் கேள்விக்கு நான் அமெரிக்காவில் பார்த்ததைச் சொல்கிறேன். வேலை நிமித்தம் டெக்சாஸில் மூன்றாண்டு இருந்தேன். அங்கே சக ஊழியர் ஒருவரிடம் 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே இருந்தது. டிக்கி விரிப்பைத் தூக்கிக் காட்டி, “தரையைத் தொட்டுப் பார்” என்றார். நான் தொட்டது தரையில்லை, டேங்க்கின் மேல்தகடு. அந்த மாடலில் டேங்க்கை மேலிருந்து இறக்கி, அதன் தலையையே டிக்கித் தரையாக விட்டிருக்கிறார்கள். அதற்கும் பின் சீட்டுக்கும் நடுவே வெறும் அட்டை. பின்னால் ஒரு வண்டி மோதி டேங்க் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வரும். அதனால் அங்கே பலர் அட்டையை எடுத்துவிட்டு இரும்புத் தடுப்பு வைக்கிறார்கள், அதற்கென்றே செய்த தகடுகள் விற்கின்றன.

ஆகவே தகடு போடலாம். ஆனால் சும்மா திருகி மாட்டிய தகட்டில் சுற்றிலும் இடைவெளி இருந்தால் ஆவிக்கும் தீக்கும் அதே வழி திறந்துதான் இருக்கும். ஓரம் முழுக்க அடைக்க வேண்டும். பின்விளக்கு வயர்கள் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய விளிம்பு வயரின் தோலை அறுத்து, பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்திலேயே தீப்பொறி கிளம்பும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே இரும்புத் தடுப்பு இருந்தால் அதை வெட்டவே வெட்டாதீர்கள். பல கார்களில் அது உடம்பை முறுக்காமல் பிடித்துவைக்கும் எலும்பு.

மெர்சிடிஸ் டபிள்யூ123, புக்கிட் பாத்தோக்

எல்லோருக்கும் நன்றி. அங்கிள், காகித அச்சு முறை அப்படியே வேலை செய்தது. குஷன் கடையின் பிளைவுட்டை அச்சின்மேல் வைத்துப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் ஒரு விரல் அகலம் குறைவு! அந்தச் சந்து வழியாக வாடை டிக்கிக்குள்ளும் தாராளமாகப் பரவியிருக்கிறது.

செய்த வரிசை இது. மிதவைக்குப் புது வாஷர், நிரப்பும் வாயின் ரப்பர் குழாயும் அதன் கவ்விகளும் புதிது, பிறகு பின் கண்ணாடிக்குப் புது ரப்பர். அதற்குப் பின் இரண்டு வாரம் அட்டையே இல்லாமல் விட்டு, மழையில் நனையவிட்டுத் தரையைத் தடவித் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்புறம்தான் கிளந்தான் லேன் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் ஹார்ட்போர்டும் வார்னிஷும் வாங்கினேன். பாசிர் ரிஸ் தங்கை சொன்ன டார்ச் சோதனையில் மூன்று துளை அகப்பட்டது, மூன்றையும் அடைத்தாயிற்று.

டேங்க் நிறைய நிரப்பிக்கொண்டு இதுவரை மூன்று முறை ஜோகூர் போய்வந்துவிட்டோம். மூன்றாவது முறை கடற்பாலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். மகள் தூங்கிவிட்டாள்.

காகித அச்சைச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். இடது பக்கம் கீழிருந்து இரண்டாவது துளையை மட்டும் உங்கள் வண்டியில் அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். என் வண்டியில் அது சற்று விலகியிருக்கிறது.