வாட்ஸ்அப் பாலம் 405 என்று அறுந்துபோகிறது

பட்டர்வொர்த்_தம்பி: அண்ணன்மாரே, வீட்டு ராஸ்பெர்ரி பை சின்னக் கணினியில் மேட்ரிக்ஸ்–வாட்ஸ்அப் பாலம் (வாட்ஸ்அப் செய்திகளை மேட்ரிக்ஸ் அரட்டை வலையமைப்புக்குக் கொண்டுவரும் நிரல்) ஓடுகிறது. நேற்றிலிருந்து இணைந்ததுமே 405 என்ற பிழை. கியூஆரை மறுபடி ஸ்கேன் செய்யவா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_லினக்ஸ்: வேண்டாம் தம்பி. 405 என்றால் கிளையன்ட் (இங்கே உன் பாலம்) பழசு என்று வாட்ஸ்அப் சர்வர் திருப்பி அனுப்புகிறது, உள்நுழைவுச் சாவி கெடவில்லை. இணையும்போதே பாலம் ஒரு வெப் பதிப்பு எண்ணைச் சொல்லும். அது, வாட்ஸ்அப்போடு பேச பாலம் பயன்படுத்தும் வாட்ஸ்மியாவ் நிரல் நூலகத்துக்குள் எழுதியிருக்கும். பாலத்தை நிறுத்து, தரவுத்தளத்தை நகலெடு, புது டாக்கர் இமேஜை (பாலத்தின் புதுப் பதிப்புப் பொதி) இறக்கு. டாக்கரின் காம்போஸ் அமைப்புக் கோப்பில் பழைய டேக் (பதிப்புப் பெயர்) இருந்தால் இறக்கியும் பயனில்லை. லாகவுட் மட்டும் கொடுத்துவிடாதே, சாவி போய்விடும்.

ஜார்ஜ்டவுன்_அக்கா: அந்தப் பதிப்பு எண்ணை மட்டும் கையால் மாற்றுவது ஒட்டுவேலை. புரோட்டோகாலும் (சர்வரோடு பேசும் முறை) மாறியிருந்தால் வேறு இடத்தில் உடையும்.

பட்டர்வொர்த்_தம்பி: டேக்தான் பழசு! இப்போது ஓடுகிறது. கியூஆர் எப்போது தேவை?

பிரிக்ஃபீல்ட்ஸ்_லினக்ஸ்: 401 வந்தால், அதாவது லாகவுட் ஆகிவிட்டால். முதன்மைக் கைப்பேசி 14 நாளுக்கு மேல் ஆஃப்லைனில் கிடந்தாலும் இணைத்த சாதனங்கள் கழன்றுவிடும்.