ஓபிஜி படத்தைப் பார்த்து ஞானப்பல் முளைக்குமா என்று சொல்ல முடியுமா?

கேள்வி:
வணக்கம். என் மகளுக்கு 16 வயது. பற்களுக்குக் கம்பி கட்டுவதற்கு முன் எடுத்த, இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில், கீழ்த்தாடையின் இரு புறமும் ஞானப்பற்கள் எலும்புக்குள் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அவை முளைக்க இடமில்லை, இப்போதே எடுத்துவிடலாம் என்று ஒரு மருத்துவரும், பொறுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவரும் கூறினர். இருவரும் பார்த்தது ஒரே படத்தைத்தான். அவளுக்கு வலியோ வீக்கமோ இல்லை. எதை வைத்து இவ்வாறு கணிக்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (பல் மருத்துவர்):
முதலில் பார்ப்பது இடத்தை. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்விளிம்பிலிருந்து, தாடை எலும்பு காதை நோக்கி மேலேறத் தொடங்கும் விளிம்பு வரை உள்ள இடைவெளியை அளந்து, அதை ஞானப்பல்லின் தலைப்பகுதியின் அகலத்தால் வகுப்போம். விடை ஒன்றுக்கும் குறைவானால் முளைக்கும் வாய்ப்பு குறைவு. ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் வாய்ப்பு கூடும், ஆனால் உறுதியில்லை. ஓபிஜி எல்லாவற்றையும் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் மில்லிமீட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே படத்தில் அருகருகே எடுத்த இரு அளவுகளின் விகிதத்தில் அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும்.

சாய்வுக்கு 1926-இல் ஜார்ஜ் வின்டர் வகுத்த பிரிவுகளையும், ஆழத்துக்கு 1933-இல் பெல், கிரெகரி இருவரும் வகுத்த பிரிவுகளையும் பயன்படுத்துகிறோம். இவை பல் இன்று எப்படிக் கிடக்கிறது என்பதை விவரிப்பவையே; நாளை என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஏற்பட்டவை அல்ல. உங்கள் மருத்துவர்கள் மாறுபட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பதில் 2 (வாய், முக அறுவை மருத்துவர்):
16 வயதில் ஞானப்பல்லின் வேர் பெரும்பாலும் முழுதாக வளர்ந்திருக்காது. வேர் நீளும்போது பல் நிமிரவும் கூடும், மேலும் சாயவும் கூடும். தாடையின் மேலேறும் பகுதியின் முன்விளிம்பு வளர்ச்சிக் காலத்தில் கரைந்து பின்வாங்குவதால் இடமும் கூடுகிறது. ஹெல்சின்கியில் மாணவர்களை 20 வயதிலிருந்து 32 வயது வரை எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்த்தபோது, தொடக்கத்தில் எலும்பில் புதைந்திருந்த ஞானப்பற்களில் சில பின்னர் முளைத்திருந்தன. ஆகவே இந்த வயதில் ஒரே படத்தை வைத்து முடிவு கூறுவதை நான் ஏற்பதில்லை. தொல்லை தராத புதைபல்லை எடுக்க வேண்டாம் என்பதே பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. வேர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை வளர்ந்திருக்கும்போது பல்லை எடுப்பது எளிது. முழுதாக வளர்ந்தபின் அதன் நுனி கீழ்த்தாடை நரம்பை நெருங்கியிருக்கலாம். எனவே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கம்பி கட்டுவதற்காக முன்கடைவாய்ப் பற்களை எடுக்கிறார்களா?

கேட்டவர்:
ஆம், நான்கை எடுக்கவிருக்கிறார்கள். அதைக் குறிப்பிட மறந்துவிட்டேன்.

பதில் 2:
அது முக்கியமான செய்தி. அந்த இடைவெளியை மூடும்போது பின்பற்கள் சற்று முன்னே நகர்ந்தால், ஞானப்பல்லுக்கு இடம் கூடும். சிகிச்சை முடியும் தறுவாயில் இன்னொரு ஓபிஜி எடுத்து, இரு படங்களிலும் அதே விகிதத்தையும் சாய்வையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இப்போதுள்ள படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.