புதுப்பிப்பு: டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் மைக் வாங்கியாச்சு

ரெண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், கையில் காசு கம்மி. வாத்தியத்துலயே மாட்டுற கிளிப் மைக் நல்லதா, ஸ்டாண்டுல வைக்கிற சாதா டைனமிக் மைக் போதுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவங்களுக்கு நன்றி.

ஷ்யூர் எஸ்எம்57-ங்கிற டைனமிக் மைக் ரெண்டு எடுத்தேன், ஒண்ணு செகண்ட் ஹேண்ட். 1965-லேர்ந்து வர்ற மாடல், எவ்வளவு பலமா ஊதினாலும் தாங்குது. கிளிப் மைக் ஆசையை விட்டாச்சு. அதுக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியா மைக்குக்குப் போற மின்சாரம்) வேணும், எங்க சர்ச் மிக்சர்ல அது கிடையாது.

முதல் ஒத்திகையில மானம் போச்சு. டிரம்பெட்ல சத்தம் வெளிவர்ற வாய்க்கு நேரா நாலு விரல் தள்ளி மைக்கை வச்சேன். காதைக் கிழிச்சுது, மிக்சர்ல சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மிக்சர்ல கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்குற அளவை) குறைச்சு, மைக்கை ஒன்றரை அடி தள்ளி, கொஞ்சம் சாய்ச்சு வச்சதும் எரிச்சல் அடங்கி நாதம் வந்துச்சு. இப்போ ரெண்டு டிரம்பெட்டுக்கும் நடுவுல ஒரே மைக்தான். யார் சத்தம் தூக்கலோ அவர் அரை அடி பின்னாடி நிக்கணும். (அண்ணன்மார் ரெண்டு பேருக்கும் இதுல சண்டை.)

டிராம்போனுக்கான மைக் ஸ்டாண்டை வாசிக்கிறவரோட இடது பக்கமா வையுங்க. நான் நேரா வச்சு, முன்னும் பின்னும் நகர்ற ஸ்லைடு குழாய் இடிச்சு ஸ்டாண்டே சாஞ்சுது.

வாசிக்கிறவங்க கேக்குறதுக்கான மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கோட முதுகுப் பக்கம் மாத்தினதும் ஸ்பீக்கர்ல வந்த கீச்சலும் நின்னுடுச்சு.