வெறுங்கைக் குத்துச்சண்டைக்கு மாறும் தம்பிக்கு உதவி தேவை

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கத்துச் சொந்தங்களே, எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) ஆடும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர், கையுறை இல்லாமல் மோதும் வெறுங்கைக் குத்துச்சண்டைக்கு மாற நினைக்கிறார். ஆர்டெம் லோபோவ் என்ற எம்.எம்.ஏ. வீரர் அப்படி மாறியவர்தான். 2019-இல் வெறுங்கைப் போட்டியில் முன்னாள் உலகக் குத்துச்சண்டை சாம்பியன் பாலி மலினாஜியைப் புள்ளிகளில் வென்றார். அதை மட்டும் பார்த்து இறங்கிவிடக் கூடாது.

வெறுங்கைக் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் பி.கே.எஃப்.சி. அமைப்பின் விதியில் சுற்றுக்கு 2 நிமிடம். மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் காஸ் துணி, டேப் சுற்றலாம். விரல் முட்டிக்கு 1 அங்குலம் முன்பே நிறுத்திவிட வேண்டும். கையை உடைப்பது பெரும்பாலும் அகலமாக வீசும் எம்.எம்.ஏ. பழக்கம்தான். குத்து நெற்றியில் சறுக்கி விழுந்தால் சுண்டுவிரல் பக்க எலும்பு முறியும். ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள் நேராகப் படணும். எதிராளியின் பல் பட்டு முட்டி கிழிந்தால், சின்னக் காயம் என்று விடவே கூடாது. கிருமி மூட்டுக்குள் இறங்கிவிடும், அன்றே மருத்துவரிடம் காட்டணும்.

ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கை எலும்பு சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர், இந்தக் கைக்கட்டு போடத் தெரிந்தவர், பாக்ஸிங் கோச் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். பயிற்சிக்குக் கெட்டித் தரை உள்ள இடமும் வேண்டும். கடற்கரை மணல் ஓட்டத்துக்கு நல்லது, ஆனால் பாதம் புதைவதால் சட்டென்று திரும்பும் கால்வேலை அதில் வராது.