முப்பதை நெருங்கும் நட்சத்திர வீரருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுக்கலாமா?

இடதுகளம் (கேள்வி):

பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர நியூயார்க் மெட்ஸ் அணி 2024 டிசம்பரில் முன்வந்ததிலிருந்தே இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மேஜர் லீக் பேஸ்பாலில் இத்தகைய ஒப்பந்தத்தின் தொகை முழுவதும் உறுதி செய்யப்பட்டது. வீரரின் ஆட்டம் சரிந்தாலும், காயத்தால் அவர் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தாலும், அணியே அவரை விடுவித்துவிட்டாலும், பேசிய பணத்தைக் கொடுத்தே தீர வேண்டும். மட்டையாளர்களில் பெரும்பாலோர் 26 வயதிலிருந்து 29 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, முப்பதைக் கடந்தபின் இறங்கத் தொடங்குகிறார்கள் என்பதும் அணி நிர்வாகங்களில் கணக்குப் போடுவோர் அறியாத செய்தி அல்ல. தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள்?

என் கண்முன் நிற்பவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 11 பருவங்கள் ஆடி, .328 மட்டைச் சராசரியும் 445 ஹோம் ரன்களும் (கிரிக்கெட் சிக்ஸரைப் போல் பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பவை) குவித்து, மூன்று முறை லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் அவர். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துச் சென்றது. அங்கே அவர் அடித்தவை 222 ஹோம் ரன்கள்தாம். அந்தப் பத்துப் பருவங்களில் ஏஞ்சல்ஸ் பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றை எட்டியது 2014இல் ஒரே ஒரு முறை. அதிலும் கான்சஸ் சிட்டி ராயல்ஸிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 மே மாதம், அவரை விடுவித்தும்விட்டது.

தான் வளர்த்த நட்சத்திரத்தை ஓர் அணி நீண்ட ஒப்பந்தம் கொடுத்துத் தக்கவைப்பது அறிவுடைமையா, அல்லது கார்டினல்ஸைப் போல் வழியனுப்பிவிடுவதுதான் எப்போதும் சரியா? ரசிகரின் பாசத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அணியை நடத்துபவரின் இடத்திலிருந்து பதில் சொல்லுங்கள்.

ஒன்பதாம் இன்னிங்ஸ் (மறுமொழி):

ஆண்டுகளின் எண்ணிக்கையை முதலில் பார்ப்பதால்தான் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் தடம் மாறிப் போகிறது. நான் முதலில் பார்ப்பது, ஒப்பந்தம் தொடங்கும் நாளில் வீரருக்கு என்ன வயது என்பதை.

மேஜர் லீக்கில் ஆறு பருவங்கள் சேவை முடித்த பிறகே ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக, அதாவது எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை பெற, முடியும். கல்லூரியில் ஆடிவிட்டு, கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கிலும் சில ஆண்டுகள் கழித்துவிட்டு வருகிறவர் 24 வயதில் மேலே வந்தால், சந்தைக்கு வரும்போது அவருக்கு முப்பது ஆகிவிடும். நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஏரன் ஜட்ஜின் கதை அப்படித்தான். பிரைஸ் ஹார்ப்பரும் சோட்டோவும் 19 வயதிலேயே மேஜர் லீக்கில் கால்வைத்தவர்கள். ஆகவே இருவரும் 26 வயதில், உச்சக்காலம் இன்னும் கையில் இருக்கும்போதே, சந்தைக்கு வந்தார்கள். புஹோல்ஸோ ஏஞ்சல்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடியபோது 32 வயதை எட்டியிருந்தார். அவருக்குக் கொடுத்த பத்து ஆண்டுகளையும் ஹார்ப்பருக்குக் கொடுத்த 13 ஆண்டுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. முன்னவர் வாங்கிக்கொண்டது ஏறக்குறைய முற்றிலும் தன் சரிவுக் காலத்துக்கான சம்பளம். பின்னவருடைய ஒப்பந்தத்தில் குறைந்தது நான்கு ஆண்டுகளாவது உச்சக்காலத்தைச் சேர்ந்தவை.

அப்படியானால் 38 வயது வரை ஏன் நீட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கேதான் சொகுசு வரி வருகிறது. பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஆனால் அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் (2025இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர்) கூடுதல் தொகைக்கு வரி கட்ட வேண்டும். முதல் ஆண்டில் 20 சதவீதம், தொடர்ந்து தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டு முதல் 50. இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. வீரரின் கைக்கு அந்த ஆண்டில் எவ்வளவு போகிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் ஹார்ப்பருக்குத் தர ஒப்புக்கொண்ட 33 கோடியைப் பத்து ஆண்டுகளில் பங்கிட்டால் ஆண்டுக்கு 3.3 கோடி, 13 ஆண்டுகளில் பங்கிட்டால் ஏறத்தாழ 2.54 கோடி. வித்தியாசம் ஆண்டுக்கு 76 லட்சம் டாலர். வரி எல்லைக்கு அருகில் நிற்கும் அணி அந்த இடைவெளியில் ஒரு நல்ல ரிலீவரை (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பந்துவீச்சாளரை) வாங்கிக்கொள்ளலாம். ஆக, கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் எப்படி ஆடுவார் என்ற எதிர்பார்ப்பு ஃபில்லீஸ் நிர்வாகத்துக்குப் பெரிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். முன் ஆண்டுகளின் ஆட்டத்துக்கான விலையைத் தவணையாகப் பிரித்து, பின் ஆண்டுகளின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்த முன் ஆண்டுகள் என்ன கொடுத்தன என்பதையும் பாருங்கள். 2021இல் நேஷனல் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்று; மற்றது அமெரிக்கன் லீக்) மிகச்சிறந்த வீரர் விருது. 2022இல் முழங்கைத் தசைநார் கிழிந்த நிலையில் களத்தடுப்பில் நிற்க முடியாமல் மட்டை மட்டும் பிடித்தார். சான் டியாகோவுக்கு எதிரான தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், எட்டாம் இன்னிங்ஸில், அணி பின்தங்கியிருந்தபோது அவர் அடித்த இரண்டு ரன் ஹோம் ரன்தான் ஃபில்லீஸை வேர்ல்டு சீரிஸ் என்ற சாம்பியன்ஷிப் இறுதித் தொடருக்குக் கொண்டுபோனது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2023இல் திரும்பியவர் வெளிக்களத்தை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு மாறினார். வயது ஏற ஏற எளிய இடத்துக்கு நகரும் வசதி ஒரு வீரருக்கு இருக்கிறதா என்பது ஒப்பந்தம் போடும்போதே பார்க்க வேண்டிய ஒன்று. புஹோல்ஸ் ஏற்கெனவே முதல் பேஸில் நின்றவர். களத்தடுப்பில் அவருக்கு அதற்கப்பால் நகர இடமே இல்லை.

கார்டினல்ஸ் செய்தது சரிதான். ஆனால் அவரை விட்டதால் மட்டுமே அது சரியாகிவிடவில்லை. புஹோல்ஸை இழந்ததற்கு ஈடாக புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏஞ்சல்ஸின் முதல் சுற்று வாய்ப்பு, 2012இல் 19ஆவது இடம், அவர்களுக்குக் கிடைத்தது. அதில் மைக்கேல் வாக்கா என்ற பந்துவீச்சாளரை எடுத்தார்கள். 2013 நேஷனல் லீக் இறுதித் தொடரில் 22 வயது வாக்கா, எதிரணியின் முன்னணிப் பந்துவீச்சாளர் கிளேட்டன் கெர்ஷாவை இரண்டு முறை எதிர்கொண்டு, இரண்டிலும் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வென்று, தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அணி அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் வரை போனது. வீரரை அனுப்பும் அணிக்கு அடுத்த வீரரை உருவாக்கும் திறமை இருந்தால்தான் இந்த வழி செல்லும்.

கிரீன் மான்ஸ்டர் (மறுமொழி):

கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வழியனுப்பிய பிறகு மிஞ்சும் பணம் எங்கே போகிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும். அது வேறு நல்ல வீரர்களுக்குப் போகும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது உரிமையாளரின் பைக்குள்தான் போகிறது.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2020 பிப்ரவரியில் தன் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு டிரேடு செய்தது. அவருக்கு வயது 27. டேவிட் பிரைஸ் என்ற பந்துவீச்சாளரின் கனமான ஒப்பந்தத்தில் பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவது அந்தப் பேரத்தின் ஒரு பகுதி. இத்தனைக்கும் லீக்கின் பணக்கார அணிகளுள் ரெட் சாக்ஸும் ஒன்று. பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸை 2022 முடிவதற்குள் அணி கைவிட்டது, வெர்டுகோ 2023 டிசம்பரில் யாங்கீஸுக்குப் போனார். டாட்ஜர்ஸ் பெட்ஸுக்கு 2020 ஜூலையில் 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி கொடுத்தது. அந்த ஆண்டே வேர்ல்டு சீரிஸை வென்றது, பிறகு 2024லும் 2025லும் வென்றது. வலது வெளிக்களத்தில் ஆடியவர் முப்பதுகளில் அதைவிடக் கடினமான ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மாறி ஆடுகிறார்! ரெட் சாக்ஸ் 2020இல் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த ஆண்டு அமெரிக்கன் லீக் இறுதித் தொடர் வரை சென்றது என்பதை மறைக்கவில்லை, ஆனால் பெட்ஸ் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்குமா என்று எண்ணாத பாஸ்டன் ரசிகர் இருக்க மாட்டார்.

பாசத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னீர்கள். அணியின் வருமானமே அந்தப் பாசத்திலிருந்துதான் வருகிறது என்பதால், அதைக் கணக்குக்கு வெளியே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேட்டில் நிற்பவன் (மறுமொழி):

இருவரும் மட்டையாளர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பந்துவீச்சாளர் என்றால் என் பதில் வேறு. 2019 வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரரான ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் அந்த டிசம்பரிலேயே ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி கொடுத்தது. அதன்பின் அவர் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டங்கள். அவர் சோம்பேறி அல்லர், ஏமாற்றவும் இல்லை. தோளும் கையும் ஒத்துழைக்கவில்லை. மணிக்கு நூறு மைல் வேகத்தில் எறியும் கையை எந்த வயதிலும் நம்ப முடியாது என்பதால், பந்துவீச்சாளருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நான் கையெழுத்திட மாட்டேன்.

இன்னொரு தவறு இந்தத் திரியில் இதுவரை பேசப்படவில்லை: அவசரம். ரயன் ஹவார்டின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பருவங்கள் மிச்சமிருந்தபோதே, 2010 ஏப்ரலில், ஃபில்லீஸ் அவருக்கு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு 12.5 கோடி எழுதிக்கொடுத்தது. புதிய ஒப்பந்தம் 2012இல்தான் தொடங்க வேண்டும். 2011 பிளேஆஃப் தொடரின் கடைசி ஆட்டத்தில், கார்டினல்ஸிடம் 1–0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, கடைசி மட்டையாளர் அவர்தான். பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடத் தொடங்கியவர் குதிகால் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். புதிய ஒப்பந்தத்தின் முதல் டாலர் அப்போது இன்னும் அவர் கைக்கு வரவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸும் 2014இல் மிகேல் கப்ரேராவுக்கு இதையே செய்தது: கையில் இரண்டு பருவங்கள் இருக்க, 2016 முதல் 2023 வரைக்கும் 24.8 கோடி. அந்த இரண்டு பருவங்களைப் பொறுத்திருந்து பார்த்திருந்தால் இரு அணிகளுக்கும் கையில் செய்தி இருந்திருக்கும், பேரம் பேசவும் இடம் இருந்திருக்கும். காத்திருந்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். 2022 ஏப்ரலில் ஏழு ஆண்டுகளுக்கு 21.35 கோடியை மறுத்த ஜட்ஜ், 62 ஹோம் ரன்கள் அடித்துவிட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு 36 கோடி வாங்கிக்கொண்டார். ஆனால் யாங்கீஸ் அந்தக் கூடுதல் விலைக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கியது.

இடதுகளம்:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. சராசரியைக் குறைக்கத்தான் ஆண்டுகளை நீட்டுகிறார்கள் என்றால், டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓதானியைப் போலப் பணத்தைத் தள்ளிவைத்துக் கொடுத்தால் போதாதா? பத்தே ஆண்டுகளில் 70 கோடியை அடக்கிவிட்டார்களே.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

தள்ளிவைப்பதும் அதே நோக்கத்துக்கான இன்னொரு வழிதான். ஆனால் எல்லா வீரரும் அதற்கு உடன்பட மாட்டார்கள். ஓதானியின் 70 கோடியில் 68 கோடி 2034 முதல் 2043 வரை வட்டியே இல்லாமல் கொடுக்கப்படும். ஆடும் ஆண்டுகளில் அவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். வட்டியில்லாமல் காத்திருக்கும் பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அவர் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடியாகவே பதிவாகிறார். விளம்பர வருமானம் குவியும் ஒருவரால் அப்படிக் காத்திருக்க முடிகிறது. சோட்டோவின் ஒப்பந்தத்தில் தள்ளிவைத்த பணம் ஒரு டாலர்கூட இல்லை.

வட்டி சேர்ந்தால் கதை தலைகீழாகும். மெட்ஸ் அணி தன் வீரர் பாபி போனியாவுக்குத் தர வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை 2000இல் கொடுத்து முடிக்காமல், எட்டு சதவீத வட்டியோடு தள்ளிவைத்தது. அதன் விளைவாக 2011 முதல் 2035 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதியன்று அவருக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் டாலர் போய்க்கொண்டிருக்கிறது. மேலும், தள்ளிவைத்தால் அணி இன்றைக்குக் கைவீசி நடக்கலாம் என்றும் எண்ண வேண்டாம்: அந்தப் பணத்துக்கான ஒதுக்கீட்டை ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே செய்து வைக்க வேண்டும் என்று வீரர் சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தமே கூறுகிறது. அந்தக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் முதல் தேதியோடு முடிகிறது. அடுத்ததில் உரிமையாளர்கள் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்துவிட்டால், ஆண்டுகளை நீட்டுவது, பணத்தைத் தள்ளிவைப்பது இரண்டின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.