பால் மறக்கடித்த குதிரைக்குட்டி கத்துகிறது, தாய்க்கு மடி கட்டிக்கொண்டது. கறக்கலாமா?

சிப்புட் குதிரைக்காரி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். தொழிலாளர் வீடுகள் உள்ள லயத்துக்குப் பின்னால் குதிரை லாயம் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிலைமை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று மாமா போன வருடம் ஒரு பெண்குதிரை வாங்கினார். வாங்கும்போதே அது சினை. விற்றவர் சொல்லவில்லை, எங்களுக்கும் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆண் குட்டி போட்டது, இப்போது நாலரை மாதம்.

கல்யாண சீசனுக்குத் தாய் வேண்டுமே என்று முந்தாநாள் குட்டியைப் பிரித்துப் பழைய மாட்டுக்கொட்டகையில் தனியாக அடைத்தோம். இரண்டு ராத்திரியாகக் கனைத்துக்கொண்டே இருக்கிறது, லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. முள்கம்பியில் மோதி மார்பில் கொஞ்சம் கீறிக்கொண்டது. தாய்க்கு மடி கல் மாதிரி ஆகிவிட்டது. அம்மா பல வருடம் பசு வளர்த்தவர், கறந்து விடு என்கிறார். கறக்கலாமா? குட்டி நேப்பியர் புல்லும் டெடாக்கும் (அரிசித் தவிடு) நன்றாகச் சாப்பிடுகிறது, கொழுகொழுவென்றுதான் இருக்கிறது.

மாட்டுக்காரன்:
அம்மா சொல்வது சரி. பால் தங்கினால் மடிநோய் வரும். காலையும் மாலையும் கறந்து விடுங்கள்.

பழைய சைஸ்:
தங்கச்சி, கறக்காதீர்கள். ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் ரொம்ப வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவன் சொல்கிறேன். கறக்கக் கறக்க ஊறும். மடி நிறைந்து இறுகினால்தான் உடம்பு பால் சுரப்பதை நிறுத்தும். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த கன்றுக்கு முன்னால் பசுவை வற்ற விடும்போது கறப்பதை நிறுத்தத்தானே செய்வார்? இதுவும் அதேதான்.

தாய்க்குத் தானியத் தீவனத்தை நிறுத்துங்கள். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே குறைத்திருக்க வேண்டும், போகட்டும். புல்லும் தண்ணீரும் போதும். காலை, மாலை மெதுவாக நடக்க விடுங்கள், வீக்கம் இறங்கும். நாலைந்து நாள் இறுக்கமாக இருக்கும், அப்புறம் தளரும். தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக வீங்கினாலோ, தொட்டால் உதைத்தாலோ, பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல் போனாலோ அது மடிநோய். டாக்டரைக் கூப்பிடுங்கள். மடி தளரும்வரை உறுமி மேளச் சத்தத்துக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம்.

குட்டியைத் தனியாக அடைத்ததுதான் பெரிய தப்பு. நாலரை மாதம் சரியான வயதுதான், பிரித்த விதம்தான் சரியில்லை. குதிரை கூட்டத்து மிருகம். தாயையும் குட்டியையும் பக்கத்துப் பக்கத்து அடைப்பில் விடுங்கள். மூக்கோடு மூக்கு உரச வேண்டும், ஆனால் வாய் மடிக்குப் போகக்கூடாது. பலகை வேலி நல்லது. முள்கம்பியை இன்றைக்கே கழற்றுங்கள். வேறு குதிரை இல்லையென்றால் ஒரு சாதுவான ஆடாவது கூட இருக்கட்டும்.

செர்டாங் மாணவன்:
யுபிஎம்மில் (மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அக்கா, நீங்கள் மடியைப் பற்றித்தான் கேட்டீர்கள், எனக்குப் பயமாக இருப்பது அந்தக் கீறல். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாக வரும், வந்தால் பிழைப்பது கடினம். தாய்க்கே தடுப்பூசி போட்டார்களா என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா? அப்படியானால் குட்டிக்கும் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றே டாக்டரை வரவழையுங்கள். காயம் சின்னது என்று விடாதீர்கள், குத்துக்காயம் இன்னும் மோசம்.

அடுத்தது தீவனம். நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெடாக்கில் பாஸ்பரஸ் மிக அதிகம். இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். மாதக்கணக்கில் போனால் முக எலும்பு உப்பும், நொண்டும். மாடு தன் இரைப்பையில் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. டெடாக்கை நிறுத்துங்கள். வளரும் குட்டிக்கென்றே செய்த, 14 முதல் 16 விழுக்காடு புரதம் உள்ள குதிரைத் தீவனம் வாங்குங்கள். காய்ந்த குதிரைமசால் (லூசர்ன்) கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம், அதில் கால்சியம் நிறைய. சுண்ணாம்புத் தூள் என்று யாராவது சொன்னால் தீவனத்துக்கென விற்பதை டாக்டர் சொன்ன அளவில் மட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்துவிடாதீர்கள், வாய் வெந்துபோகும்.

ஒன்றை மறக்கவே கூடாது: மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதுவும் குதிரை வாய்க்குப் போகக்கூடாது. சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசியும் வேண்டாம். குட்டிகளின் பெரிய உருளைப்புழுக்கள் பல இடங்களில் அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. லத்தியைச் சோதித்த பிறகு டாக்டர் மருந்து சொல்லட்டும். புழு நிறைய இருந்து ஒரேயடியாகச் செத்தால் குடல் அடைத்துக்கொள்ளும்.

மாட்டுக்காரன்:
மொனென்சின் விஷயம் எனக்கே தெரியாது. என் பக்கத்து ஷெட்டில் ஒருவர் மட்டக்குதிரை வைத்திருக்கிறார், போய்ச் சொல்கிறேன். கறக்கச் சொன்னதற்கு மன்னிக்கவும் தங்கச்சி.

சிப்புட் குதிரைக்காரி:
ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். அன்று சாயங்காலமே டாக்டர் வந்தார். குட்டிக்கு டெட்டனஸ் எதிர்ப்பு ஊசியும் தடுப்பூசியும் போட்டார், அடுத்த தவணைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். கீறல் காய்ந்துவிட்டது. மாமா முள்கம்பியைப் பிடுங்கிப் பழைய பலகைகளை அடித்தார். பக்கத்தில் விட்ட அன்றைக்கு ராத்திரி கனைப்பு பாதியாகக் குறைந்தது, மூன்றாம் நாள் நின்றது. மடி நேற்றிலிருந்து தளர்ந்திருக்கிறது. வற்ற விடும் கதையைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இரண்டையும் எப்போது ஒன்றாக விடலாம்?

பழைய சைஸ்:
மடி முழுக்க வற்றட்டும். ஆறு வாரத்துக்கு முன்னால் நினைக்காதீர்கள், ஒரு வாய் குடித்தாலும் மறுபடி ஊறத் தொடங்கும். ஆண் குட்டி என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வயது ஆவதற்குள் காயடிப்பதா, தனியாகவே வளர்ப்பதா என்று டாக்டரிடம் பேசி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த சினைக்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

சிப்புட் குதிரைக்காரி:
சரி அண்ணே. இப்போது வேறு பிரச்சினை. கூட விட்ட ஆடு குட்டியின் தீவனத்தை முழுக்கத் தின்றுவிடுகிறது.

பழைய சைஸ்:
தீவன நேரத்துக்கு மட்டும் ஆட்டை வெளியே கட்டுங்கள். வாளியை உயரத்தில் மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், ஏறிவிடும்.