பாத்ரூம் சுவரில் பட்டை போட்ட பாம்பு: கட்டுவிரியனா? (முடிச்சூர் பக்கம்)

முடிச்சூர்வாசி:
வணக்கம். அடையாற்றுக் கரைக்குக் கொஞ்சம் உள்ளே, 2015 வெள்ளத்தில் மூழ்கின அதே பகுதியில்தான் எங்கள் வீடு. சுற்றிலும் காலி மனைகள், முழுக்கச் சீமைக் கருவேலம். மழைக்காலம் வந்தால் தண்ணீர்ப் பாம்பும் சாரையும் வருவது பழகிவிட்டது, அதுபாட்டுக்குப் போய்விடும். நேற்று ராத்திரி வந்தது வேறு மாதிரி. பாத்ரூம் வென்டிலேட்டருக்குக் கீழே, டைல்ஸ் முடிந்து சிமெண்ட் பூச்சு தெரிகிற இடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒரு முழம் நீளம், பழுப்பு நிறம், வெள்ளைப் பட்டை. அம்மா பார்த்ததும் கட்டுவிரியன் என்று கத்திவிட்டார். யாரோ கொடுத்த நம்பரில் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வெறும் கையால் பிடித்து, கழுத்தில் போட்டு வீடியோ எடுத்து, 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா, "இது குட்டி சார், தாயும் ஜோடியும் இங்கேதான் இருக்கும், வீட்டைச் சுற்றி மருந்து அடிக்கணும், 8,000 ஆகும்" என்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, அதனால்தான் யோசனை. அது கட்டுவிரியன்தானா? மருந்து அடிப்பதில் பலன் உண்டா? அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது? போட்டோ மங்கல், ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பட்டை கழுத்துப் பக்கம் நல்ல அகலம், வால் பக்கம் போகப்போகக் காணவில்லை.

ஏரிக்கரையான்:
நீங்கள் கடைசியில் சொன்ன அந்த ஒரு வரி போதும். அது வெள்ளிக்கோல் வரையன், ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். விஷம் கிடையாது. சென்னை, செங்கல்பட்டு பக்கம் வீட்டுக்குள் அடிக்கடி நுழைகிற பாம்பு இது, பல்லி தின்னத்தான் வருகிறது, சொரசொரப்பான சுவரில் சுலபமாக ஏறும். கட்டுவிரியன் இதற்கு நேர் தலைகீழ்: அதன் உடம்பு பளபளவென்று கருப்பு, பட்டை மெல்லிசாக இரண்டிரண்டாக இருக்கும், கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வால் நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். முதுகின் நடுவில் செதில் வரிசை பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஆனால் இதையெல்லாம் போட்டோவில் பாருங்கள், ராத்திரி டார்ச் அடித்துக் குனிந்து செதில் பார்க்க வேண்டாம். இரண்டுமே ராத்திரியில் திரிகிற பாம்புகள், அடையாளம் நிச்சயமாகத் தெரியாதவரை கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்வதுதான் சரி. அம்மா கத்தியதில் தப்பில்லை.

பழைய_பெருங்களத்தூர்:
8,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தாய், ஜோடி, குடும்பம் எல்லாம் சினிமாக் கதை. பாம்புக் குட்டி பிறந்த நாளிலிருந்தே தனியாள், தாய் அதைக் கூட்டிக்கொண்டு அலையாது. பழிவாங்குவதும் கிடையாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று என் பாட்டி சொல்வார், அந்தப் பாம்புக்கு விஷமே கிடையாது!

மருந்து என்று அவர் அடிக்கப்போவது பெரும்பாலும் பினாயிலோ கார்பாலிக் ஆசிடோதான். வாசனை ஒரு மழையில் போய்விடும், பாம்பு அதைத் தாண்டி வரும், ஆனால் தவழுகிற குழந்தையின் கையில் கார்பாலிக் ஆசிட் பட்டால் தோல் வெந்துவிடும். பூண்டுக் கரைசல், சிறியாநங்கைச் செடி, இவையும் பாம்பை நிறுத்தாது (செடி வைத்தால் வையுங்கள், கெடுதல் இல்லை). அந்தப் பணத்தில் ஒரு கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிடுங்கள். வென்டிலேட்டருக்கு நெருக்கமான கம்பி வலை, தரை ஜாலி ஆடாமல் பொருந்துகிறதா, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, ஏசி குழாய் வெளியே போகிற ஓட்டைக்குச் சிமெண்ட். பென்சில் நுழைகிற சந்தில் ஓநாய்ப் பாம்பு நுழைந்துவிடும். சுவரோரம் அடுக்கி வைத்த செங்கல், தென்னை மட்டை இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். எலிக்குச் சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் பாம்பும் வரும்.

மணிமங்கலம்_ரவுண்டு:
யாரைக் கூப்பிடுவது என்றால், முதலில் 101. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடிப்பார்கள், பணம் கிடையாது. பெருமழை நாளில் நேரமாகும், அதுவரை அந்த அறைக் கதவைச் சாத்தி, அடிச் சந்தில் ஈரத் துணி அடைத்துவிட்டு ஒருவர் வெளியே காவல் இருந்தால் போதும். வனத்துறைக்கும் சொல்லலாம்.

வேலை தெரிந்தவர் எப்படிப் பிடிப்பார் என்று சொல்கிறேன், எங்கள் வீட்டுத் தேங்காய் மட்டைக் குவியலில் கண்ணாடி விரியன் இருந்தபோது பார்த்தது. குக்கர் விசில் போலச் சீறிக்கொண்டிருந்தது. வந்தவர் கருப்புத் துணிப்பையின் வாயில் ஒரு பிவிசி குழாயைக் கட்டி, அதைச் சுவரோரமாகப் படுக்க வைத்து, கொக்கிக் கம்பியால் பாம்பை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார். இருட்டான பொந்து என்று நினைத்து அதுவே உள்ளே போய்விட்டது. பையை முறுக்கி முடிச்சுப் போட்டார். தொடவே இல்லை. எனக்குத் தெரிந்து கழுத்தில் போட்டு வீடியோ எடுப்பவர் யாரும் இந்த வேலைக்கு ஏற்றவர் இல்லை. பாம்பென்றால் நம் பக்கத்தில் இருளர்களை மிஞ்ச ஆள் கிடையாது, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்கள் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது, அதில் இரண்டு பேருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களே பாம்பை மாலையாகப் போட்டு ஆடுவதில்லை!

இரவுப்பணி_நர்ஸ்:
ஒரே ஒரு விஷயம், கட்டுவிரியன் பேச்சு வந்ததால். அது கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, வீக்கமும் வராது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவருக்கு விடியற்காலையில் வயிற்று வலி, அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. இப்படி யாருக்காவது வந்தால் அஜீரணம் என்று சோடா கொடுத்து நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அவருக்கு மூச்சு நிற்கக்கூடும், அதனால் வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) இருக்கிற மருத்துவமனை முக்கியம், உங்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம், நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். குழந்தை இருக்கிற வீடு, கட்டிலில் கொசுவலை போட்டு ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

முடிச்சூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மருந்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கொத்தனார் நாளைக்கு வருகிறார். பக்கத்து மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், போனில் பேசியதில் ஜேசிபி விட்டு மொத்தமாகச் சுத்தம் பண்ணிவிடலாம் என்கிறார், செலவில் பாதி என்னுடையது. செய்யலாமா?

ஏரிக்கரையான்:
செய்யலாம், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ரோட்டுப் பக்கம் ஆரம்பித்து உங்கள் மதிலை நோக்கி வந்தால், உள்ளே இருக்கிற எலி, தவளை, பாம்பு எல்லாமே உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வரும். உங்கள் மதிலோரம் தொடங்கி ஆற்றுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள், அதுவும் பகலில், மெதுவாக. தீ வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் கொத்தனார் வேலையை முடித்த பிறகு ஜேசிபி வரட்டும், அதற்கு முன் வேண்டாம்.